அமெரிக்க வீடுகளின் வியட்நாம் கணக்கு

பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0. செனட்டில் 88க்கு 2. டோன்கின் வளைகுடாத் தீர்மானத்துக்கு 1964 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் விழுந்த வாக்குகள் இவை. வியட்நாமில் தேவை என்று தோன்றும் ராணுவ நடவடிக்கை எதையும் எடுக்கலாம் என்ற அதிகாரம் அதிபர் லிண்டன் ஜான்சன் கைக்குப் போனது. அதன் பிறகு முறையான போர்ப் பிரகடனம் என்று ஒன்று வரவே இல்லை. எதிர்த்து வாக்களித்தவர்கள் ஓரிகான் மாநிலத்தின் வேய்ன் மோர்ஸும் அலாஸ்காவின் எர்னஸ்ட் குருனிங்கும்தான். 1968இல் இருவரும் பதவியை இழந்தார்கள். அந்த ஆண்டு முடிவில் வியட்நாமில் 5,36,000 அமெரிக்கப் படையினர் இருந்தார்கள்.

அந்தப் போரைப் பற்றிக் காடு, ஹெலிகாப்டர், நாபாம் என்று ஏராளமாக எழுதியாயிற்று. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு கணக்கு: அந்தப் போருக்கு அமெரிக்காவுக்குள்ளேயே யார் முடிவெடுத்தார்கள், யார் விலை கொடுத்தார்கள்? இந்த இரண்டு தரப்பாரும் ஒரே ஆட்கள் இல்லை. எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

முதலில் பணம். 1965 முதல் 1975 வரை போருக்கான நேரடி ராணுவச் செலவு 11,100 கோடி டாலர் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஆய்வுப் பிரிவு 2010இல் கணக்கிட்டது. 2011ஆம் ஆண்டு விலைவாசியில் அது 73,800 கோடி டாலர். முன்னாள் படைவீரர்களின் ஓய்வூதியம், சிகிச்சை, வட்டி எதுவும் இதில் சேரவில்லை.

தொகை பெரியதுதான். அதைவிட மோசமானது அதை மறைத்த விதம். 1965 டிசம்பரிலேயே ஜான்சனின் பொருளாதார ஆலோசகர் கார்ட்னர் ஆக்லி வரியை உயர்த்தச் சொன்னார். வரி கேட்டால் போரைப் பற்றி முழு விவாதம் எழும், வறுமை ஒழிப்புத் திட்டங்களுக்கும் ஆபத்து வரும் என்று ஜான்சன் தயங்கினார். 1966 ஜனவரியில் போட்ட பட்ஜெட், 1967 ஜூனுக்குள் போர் முடிந்துவிடும் என்ற அனுமானத்தில் போடப்பட்டது. போர் முடியவில்லை, செலவு மதிப்பீட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 1968 நிதியாண்டின் பற்றாக்குறை 2,520 கோடி டாலரைத் தொட்ட பிறகுதான், 1968 ஜூனில், வருமான வரியின் மேல் 10 சதவீத சர்சார்ஜ் வந்தது. அதற்கு நாடாளுமன்றம் கேட்ட விலை 600 கோடி டாலர் செலவுக் குறைப்பு.

அதற்குள் விலைவாசி ஏறத் தொடங்கியிருந்தது. 1965இல் 1.6 சதவீதமாக இருந்த பணவீக்கம் 1968இல் 4.2, 1970இல் 5.7. 1965இல் 100 டாலருக்கு வாங்கிய சாமான் 1970இல் 123 டாலர். வரியாகக் கேட்டிருந்தால் வசதி உள்ளவர் கூடுதலாகக் கட்டியிருப்பார். விலைவாசியாக வந்ததால் மாதச் சம்பளக்காரரும் ஓய்வூதியக்காரரும் கட்டினார்கள். அவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

ஒரு வரி மட்டும் வெளிப்படையாக வீட்டுக்குள் வந்தது. தொலைபேசிக் கட்டணத்தின் மேல் இருந்த 3 சதவீத மத்திய வரியை 1966 ஏப்ரலில் மீண்டும் 10 சதவீதம் ஆக்கினார்கள். மாதாமாதம் வரும் பில்லில் போர் ஒரு தனி வரியாகத் தெரிந்தது. போரை எதிர்த்த பல குடும்பங்கள் அந்தச் சில டாலரை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டின. நெடுந்தொலைவு அழைப்புகள் மேல் இருந்த இந்த வரி கைவிடப்பட்டது 2006இல்தான்.

வறுமை ஒழிப்புத் திட்டங்கள் என்ன ஆயின என்பதை 1967 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் இரண்டு எண்களில் சொன்னார். வியட்நாமில் எதிரி ஒருவரைக் கொல்ல ஆகும் செலவு 3,22,000 டாலர் என்று ஒரு மதிப்பீடு. உள்நாட்டில் ஏழை ஒருவருக்கு வறுமை ஒழிப்புத் திட்டத்தில் செலவாவது சுமார் 53 டாலர். ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் அவர் போரை முழுமையாக எதிர்த்துப் பேசினார். குடிமை உரிமை இயக்கத்தின் நண்பர்கள் பலரே அவரைக் கைவிட்டார்கள். சரியாக ஓராண்டு கழித்து, 1968 ஏப்ரல் 4 அன்று, மெம்ஃபிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இந்தத் தொகைகளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சிறிய எண்களை வைக்க வேண்டும். சண்டைக்களத்தில் இருந்த வீரருக்குக் கிடைத்த ஆபத்துப்படி மாதம் 65 டாலர். அவர் இறந்தால் குடும்பத்துக்குப் போகும் காப்பீடு, 1965இல் தொடங்கிய திட்டப்படி, அதிகபட்சம் 10,000 டாலர். அதற்கான மாதப் பிரிமியம் 2 டாலரை அவருடைய சம்பளத்திலேயே பிடித்துக்கொண்டார்கள்.

யாரை அனுப்பினார்கள்

1964 முதல் 1973 வரை ராணுவ வயதை எட்டிய அமெரிக்க ஆண்கள் 2 கோடியே 68 லட்சம் பேர். தாமாகச் சேர்ந்தவர்கள் 87 லட்சம், கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள் 22 லட்சம். மீதி சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர் சீருடையே போடவில்லை. அவர்களில் 1 கோடியே 54 லட்சம் பேர் ஒத்திவைப்பு, விலக்கு, தகுதியின்மை என்று சட்டப்படியே வெளியில் நின்றவர்கள். தாமாகச் சேர்ந்தவர்கள் என்ற தலைப்பையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எப்படியும் அழைப்பு வரும், முந்திக்கொண்டால் கொஞ்சம் பாதுகாப்பான பிரிவு கிடைக்கும் என்று சேர்ந்தவர்கள் அதில் ஏராளம்.

சட்டப்படி வெளியில் நிற்பதற்கான எளிய வழி கல்லூரி. படித்துக்கொண்டே இருந்தால் ஒத்திவைப்பு. கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பையன் வகுப்பறையில் இருந்தான். ஆலைத் தொழிலாளியின் மகனும் பண்ணைக் கூலியின் மகனும் விமானம் ஏறினார்கள். வியட்நாமுக்குப் போன சாதாரணச் சிப்பாய்களில் சுமார் 80 சதவீதம் பேர் உழைக்கும் வர்க்க, ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பது வரலாற்றாசிரியர் கிறிஸ்டியன் ஆப்பியின் கணக்கு. யாரை அனுப்புவது என்று முடிவு செய்த உள்ளூர் ஆள்சேர்ப்பு வாரியங்களின் உறுப்பினர்களில், 1966 நிலவரப்படி, கறுப்பினத்தவர் 1.3 சதவீதம். மக்கள்தொகையில் அவர்கள் 11 சதவீதம். போரின் தொடக்க ஆண்டுகளில் களத்தில் இறந்தவர்களில் சுமார் 20 சதவீதம். எதிர்ப்பு எழுந்த பிறகு ராணுவம் கவனம் எடுத்துக்கொண்டதால் கடைசிக் கணக்கு 12.4 சதவீதத்துக்கு வந்தது. எதிர்க்காமல் இருந்திருந்தால் 20 அப்படியே நின்றிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்நமாரா 1966இல் அறிவித்த 'ப்ராஜெக்ட் 1,00,000' திட்டம் இந்தக் கணக்கேட்டின் மிகக் கொடிய பக்கம். நுழைவுத் தேர்வில் தேறாதவர்களையும் ராணுவத்தில் எடுத்துக்கொள்வது, தொழில் கற்றுக்கொடுப்பது, வறுமையிலிருந்து மீட்பது என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். 1971 வரை சுமார் 3,54,000 பேர் இப்படி எடுக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் கறுப்பின இளைஞர்கள். எழுதப் படிக்கத் தடுமாறியவர்கள் அவர்களில் பலர். தொழில் கற்றவர்கள் குறைவு, துப்பாக்கி ஏந்தி முன்னணிக்குப் போனவர்கள் அதிகம்.

மறுபக்கத்தில் இந்த எண்ணை வையுங்கள். வியட்நாம் காலத்தில் ராணுவ வயதை எட்டிய நாடாளுமன்ற உறுப்பினர்களின் மகன்கள் 234 பேர். ஒத்திவைப்பு பெற்றவர்கள் 118. வியட்நாமுக்குப் போனவர்கள் 28.

இந்தப் பாகுபாட்டைக் குறைக்கத்தான் 1969 டிசம்பர் 1 இரவு வாஷிங்டனில் குலுக்கல் நடத்தினார்கள். ஆண்டின் 366 தேதிகளும் 366 நீலப் பிளாஸ்டிக் குப்பிகளுக்குள் போடப்பட்டன. பெரிய கண்ணாடிச் சாடி, தொலைக்காட்சி நேரலை. 1944 முதல் 1950 வரை பிறந்த ஆண்கள் எல்லோரும் தங்கள் பிறந்தநாள் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் எடுத்த குப்பிக்குள் செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்தவர்களுக்கு முதல் எண், முதல் அழைப்பு. அடுத்த ஆண்டு 195ஆம் எண் வரை அழைத்தார்கள்.

அதிலும் ஒரு கோளாறு இருந்தது. குப்பிகளை ஜனவரி, பிப்ரவரி என்று மாத வரிசையில் பெட்டியில் போட்டவர்கள் நன்றாகக் கலக்கவில்லை. கடைசியில் விழுந்த மாதங்கள் முதலில் கைக்கு வந்தன. ஜனவரியில் பிறந்தவர்களின் சராசரி எண் 201. டிசம்பரில் பிறந்தவர்களுக்கு 122க்குக் கீழே. டிசம்பரின் 31 நாட்களில் 195க்கு மேல் போய்த் தப்பித்தவை ஐந்தே நாட்கள்: 2, 12, 15, 17, 19. சமமாகக் கலந்திருந்தால் 14 நாட்கள் தப்பித்திருக்க வேண்டும். ஒரு பெட்டியை இன்னும் சில நிமிடம் குலுக்காத அலட்சியம் டிசம்பர் குழந்தைகளின் தலையில் விழுந்தது. புள்ளியியலாளர்கள் எடுத்துச்சொல்லி, அடுத்த குலுக்கலில் முறையை மாற்றினார்கள். முதல் குலுக்கலின் முடிவு மாறவில்லை.

போக மறுத்தவர்களின் கணக்கும் வர்க்கக் கணக்குதான். ஆள்சேர்ப்புச் சட்டத்தை மீறியவர்கள் சுமார் 5,70,000 பேர். அரசு வழக்குப் பட்டியலுக்குப் போனவர்கள் 2,09,517. தண்டனை பெற்றவர்கள் 8,750. சிறைக்குப் போனவர்கள் 3,250. அதிகம் அறியப்பட்டவர் முகமது அலி. 1967 ஏப்ரலில் ஹூஸ்டனில் சேர மறுத்தார்; 5 ஆண்டு சிறை, 10,000 டாலர் அபராதம் என்று தீர்ப்பு வந்தது; உலக சாம்பியன் பட்டம் பறிபோனது. மேல்முறையீட்டுக் காலத்தில் சிறைக்குப் போகவில்லை. 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8க்கு 0 என்று அவரை விடுவித்தது. மேடை ஏற முடியாமல் போன மூன்றரை ஆண்டு என்பது குத்துச்சண்டை வீரருக்குத் திரும்பி வராத காலம்.

ராணுவத்துக்குள்ளும் கட்டுப்பாடு கரைந்தது. 1971இல் தரைப்படையில் ஆயிரம் பேருக்கு 73.5 என்ற அளவில் ஓடிப்போனார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் போர்முனையிலிருந்து திரும்பிய எழுநூறுக்கும் மேற்பட்டோர் நாடாளுமன்றப் படிகளுக்கு முன் வரிசையில் நின்று, தாங்கள் வாங்கிய பதக்கங்களை வேலிக்கு அப்பால் வீசி எறிந்தார்கள்.

தெருவும் கல்லூரியும்

வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறா என்று கேலப் நிறுவனம் திரும்பத் திரும்பக் கேட்டது. தவறு என்றவர்கள் 1965 ஆகஸ்டில் 24 சதவீதம், 1968 ஆகஸ்டில் 53, 1971 மே மாதம் 61. பெரும்பான்மை மனம் மாறிய பிறகும் போர் நான்கு ஆண்டுக்கு மேல் நடந்தது. அமெரிக்கத் தரப்பில் இறந்த 58,220 பேரில் கணிசமானவர்கள் அந்த ஆண்டுகளில் இறந்தவர்கள். ஜான்சனின் பதவி போனது உண்மைதான்: 1968 மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷயர் உட்கட்சித் தேர்தலில் போர் எதிர்ப்பாளர் யூஜின் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கினார், பதவியில் இருந்த அதிபருக்கு 49. அந்த மாதக் கடைசியில் ஜான்சன் போட்டியிலிருந்து விலகினார். அடுத்து அதிபராக வந்த நிக்சன் போரைக் கம்போடியாவுக்கு விரித்தார்.

அந்த விரிவாக்கத்துக்கு எதிராகக் கிளம்பிய போராட்டத்தில்தான், 1970 மே 4 அன்று, ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படை சுட்டது. 13 விநாடி, 67 குண்டுகள், 4 பேர் சாவு, 9 பேர் காயம். இறந்த நால்வரில் மிக அருகில் நின்றவர்கூடச் சுமார் 265 அடி தள்ளி நின்றார். இருவர் போராட்டத்திலேயே இல்லை. வகுப்பு மாறும் நேரத்தில் அந்த வழியாக வந்தவர்கள். பத்து நாள் கழித்து மிசிசிப்பியில், கறுப்பின மாணவர்கள் படித்த ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியின் பெண்கள் விடுதி மேல் போலீஸ் 28 விநாடி சுட்டது. 2 பேர் சாவு, 12 பேர் காயம். கென்ட் ஸ்டேட் நினைவிருக்கும் அளவுக்கு ஜாக்சன் ஸ்டேட் யாருக்கும் நினைவில்லை. அந்த மறதியும் இந்தக் கணக்கில் ஒரு செலவுதான்.

நாடு முழுக்க ஏறக்குறைய 40 லட்சம் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். கென்ட் ஸ்டேட் சாவுகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டபோது மாணவர்களே என்றவர்கள் 58 சதவீதம், காவல் படை என்றவர்கள் 11 சதவீதம். மே 8 அன்று நியூயார்க்கில் கட்டடத் தொழிலாளர்கள் இறங்கிவந்து போராடிய மாணவர்களை அடித்தார்கள். தன் மகனை அனுப்பிவிட்டு வேலைக்குப் போகிற தொழிலாளிக்கு, ஒத்திவைப்பு வாங்கிய கல்லூரிப் பையன் கொடியை எரிப்பது எப்படித் தெரிந்திருக்கும் என்று புரிகிறது. ஆனால் அந்தப் பையனுக்கு ஒத்திவைப்பு கொடுத்தவர்கள் மேல் ஒரு அடியும் விழவில்லை.

கென்ட் ஸ்டேட் சாவுகள் பற்றிய வழக்கு 1979 ஜனவரியில் சமரசத்தில் முடிந்தது. ஒஹாயோ மாநிலம் கொடுத்த மொத்தத் தொகை 6,75,000 டாலர். இறந்த பிள்ளை ஒவ்வொருவருக்கும் பெற்றோருக்குக் கிடைத்தது 15,000 டாலர். சுட்டவர்களில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

வியட்நாமில் சுட்டவர்கள் கதையும் வேறு மாதிரி இல்லை. 1968 மார்ச் 16 அன்று மை லாய் கிராமத்தில் வியட்நாமியக் கணக்கின்படி 504 பேர் கொல்லப்பட்டார்கள். தண்டிக்கப்பட்டவர் லெப்டினன்ட் வில்லியம் கேலி ஒருவர் மட்டுமே. அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது, கருத்துக் கேட்கப்பட்ட அமெரிக்கர்களில் 79 சதவீதம் பேர் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. சுமார் மூன்றரை ஆண்டு வீட்டுக் காவலோடு அவர் தண்டனை முடிந்தது. ஒரு போர் உள்ளூர் மனசாட்சியை என்ன செய்கிறது என்பதற்கு அந்த 79 போதும்.

அரசு தன் மக்களையே வேவு பார்த்தது. வெளிநாட்டு உளவுக்கென்று அமைந்த சிஐஏ, 'கேயாஸ்' என்ற பெயரில் அமெரிக்கர்கள் 7,200 பேர் மேல் கோப்புத் திறந்தது. 3 லட்சம் பெயர்களைக் கணினியில் அட்டவணை போட்டது. 1971 மே மாத வாஷிங்டன் மறியலில் 12,000க்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே போராட்டத்தில் அவ்வளவு பேரைப் பிடித்ததில்லை.

வரவு

கணக்கில் வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ராணுவத்துக்குப் போக 18 வயது போதும், வாக்களிக்க 21 வேண்டும் என்ற அநீதியை இந்தப் போர்தான் உடைத்தது. இறந்தவர்களில் 11,000க்கும் மேற்பட்டவர்கள் 20 வயதைத் தொடாதவர்கள். 1971 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 26ஆவது திருத்தத்தை மாநிலங்கள் ஜூலை 1க்குள் ஏற்றுக்கொண்டன. அந்த நாட்டு அரசமைப்பு வரலாற்றில் அவ்வளவு விரைவாக எதுவும் நிறைவேறியதில்லை. சுமார் 1 கோடியே 10 லட்சம் இளைஞர்களுக்கு வாக்கு வந்தது.

அதே ஆண்டு ஜூன் மாதம் 7,000 பக்கப் பென்டகன் ஆவணங்கள் வெளிவந்தன. நான்கு அதிபர்களின் காலத்தில் மக்களிடம் சொன்னது ஒன்று, உள்ளே தெரிந்தது வேறு என்று அரசின் சொந்த ஆவணமே சொன்னது. உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அவற்றை வெளியிட்ட பத்திரிகைகளின் பக்கம் நின்றது. அவற்றைக் கசியவிட்ட டேனியல் எல்ஸ்பர்க் மேல் போட்ட குற்றச்சாட்டுகளுக்கு 115 ஆண்டு வரை சிறை கிடைத்திருக்கலாம். அரசு தரப்பின் முறைகேடுகளால் 1973இல் வழக்கே தள்ளுபடியானது. அதே ஆண்டு கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது. நவம்பரில், நிக்சனின் தடையை மீறி, 284க்கு 135, 75க்கு 18 என்ற வாக்குகளில் போர் அதிகாரச் சட்டம் நிறைவேறியது. நாடாளுமன்றம் அனுமதிக்காத போரை அதிபர் 60 நாளில் நிறுத்த வேண்டும், அதிகம் போனால் படையைத் திரும்பப் பெற இன்னும் 30 நாள். இதுவும் முழு வரவு இல்லை. 1999 கொசோவோ குண்டுவீச்சு 78 நாள் நடந்தது; 2011இல் லிபியாவில் 60 நாள் கடந்த பிறகும் நடவடிக்கை தொடர்ந்தது.

போனது நம்பிக்கை. அரசு பெரும்பாலும் சரியானதைச் செய்யும் என்று நம்பியவர்கள் 1964இல் 77 சதவீதம், 1974இல் 36. வாட்டர்கேட் ஊழலுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் எல்ஸ்பர்க்கின் மனநல மருத்துவர் அலுவலகத்தை உடைத்த கும்பல்தான் வாட்டர்கேட்டுக்கும் போனது என்பதால் இரண்டையும் பிரித்து எழுத முடியவில்லை.

பாக்கி

1982 நவம்பரில் வாஷிங்டனில் கறுப்புக் கல் சுவர் திறக்கப்பட்டபோது அதில் 57,939 பெயர்கள் இருந்தன. வடிவமைத்த மாயா லின் போட்டியில் வென்றபோது 21 வயது மாணவி. 84 லட்சம் டாலர் செலவு முழுவதும் நன்கொடை. களத்தில் பட்ட காயத்தால் பிறகு இறந்தவர்களின் பெயர்கள் சேர்க்கப்பட்டு இன்று எண்ணிக்கை 58,000க்கு மேல். ஊருக்குத் திரும்பித் தற்கொலை செய்துகொண்டவர்களுக்கும் ஏஜென்ட் ஆரஞ்ச் என்ற களைக்கொல்லி நச்சால் இறந்தவர்களுக்கும் அந்தச் சுவரில் இடமில்லை.

அவர்கள் எண்ணிக்கை சிறியதாக இருக்க முடியாது. 1988இல் முடிந்த தேசிய ஆய்வு, வியட்நாமில் பணியாற்றிய ஆண்களில் 15.2 சதவீதம் பேர், சுமார் 4,79,000 பேர், போர் முடிந்து பத்தாண்டுக்கு மேலான பிறகும் மனஅதிர்ச்சி நோயோடு வாழ்ந்தார்கள் என்றது. சுமார் 1.1 கோடி காலன் ஏஜென்ட் ஆரஞ்ச் தெளிக்கப்பட்ட காடுகளில் நடந்தவர்களுக்காக ரசாயன நிறுவனங்கள் 1984 மே 7 அன்று, விசாரணை தொடங்க வேண்டிய காலையில், 18 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. பொறுப்பை ஏற்கவில்லை. முற்றிலும் முடங்கிப்போன முன்னாள் வீரருக்கு அதிகபட்சம் 12,000 டாலர், அதுவும் பத்தாண்டில். மாதக் கணக்கில் 100 டாலர். அரசு தானே பொறுப்பெடுத்துச் சட்டம் கொண்டுவர 1991 ஆனது.

1975இல் தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்தபோது சுமார் 1,30,000 வியட்நாமியர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களை ஏற்கலாம் என்றவர்கள் 36 சதவீதம், வேண்டாம் என்றவர்கள் 54. தங்கள் அரசு நடத்திய போரால் ஊரை இழந்தவர்கள் என்று அந்த 54 சதவீதம் பேர் நினைத்துப் பார்க்கவில்லை. இன்று அமெரிக்காவில் வியட்நாமிய வம்சாவளியினர் 20 லட்சத்துக்கும் மேல்.

இதுவரை எழுதியது ஒரு பக்கம் மட்டுமே. வியட்நாம் அரசு 1995இல் வெளியிட்ட கணக்கில் அந்த நாட்டுப் பொதுமக்கள் 20 லட்சம் பேரும் வடக்குத் தரப்புப் போராளிகள் 11 லட்சம் பேரும் இறந்தார்கள். அமெரிக்கச் சாவு ஒன்றுக்கு அங்கே ஐம்பதுக்கு மேல். லாவோசில் வீசிய சுமார் 27 கோடி சிறு குண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு வெடிக்காமல் மண்ணுக்குள் போய், இன்னும் உழவர்களையும் குழந்தைகளையும் கொல்கின்றன.

1973 பிப்ரவரியில் வடக்கு வியட்நாமின் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் நிக்சன் மறுகட்டுமானத்துக்கு 325 கோடி டாலர் என்று குறிப்பிட்டார். அந்தப் பணம் வரவில்லை. 1997 ஏப்ரலில் ஹனோயில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், தோற்றுப்போன சைகோன் அரசு அமெரிக்காவிடம் வாங்கிய கடனில் சுமார் 14.5 கோடி டாலரை வியட்நாம் திருப்பிக் கட்ட ஒப்புக்கொண்டது.